நாட்டின் இலக்கியமா, ஒரு மொழியின் இலக்கியமா?

தாப்பா வட்டாரத்து இடைநிலைப்பள்ளி ஒன்றின் நூலகச் சுவரில் வரிசையாகப் படங்கள் மாட்டப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு படத்தின் கீழும் ஒரு பெயர். பெயரின் கீழ் ஓர் ஆண்டு. முதற்படம் கெரிஸ் மாஸ், 1981. அடுத்தவர் ஷானோன் அகமட், 1982. அவரையடுத்து உஸ்மான் அவாங், 1983. வரிசை இவ்வாறே நீண்டு செல்கிறது. இவர்கள் அனைவரும் 'சாஸ்தராவான் நெகாரா' என்னும் பட்டம் பெற்றோர். நாட்டின் இலக்கியச் சான்றோர் என்று அதனைத் தமிழிற் சொல்லலாம். மலேசிய அரசு ஓர் எழுத்தாளனுக்கு வழங்கும் உச்ச விருது அதுவே.

ஓய்வு பெற்ற தமிழாசிரியன் என்ற முறையில், மாணவர்க்குச் சிறுகதைப் பயிற்சி அளிக்க அங்கே அழைக்கப்பட்டிருந்தேன். பயிற்சி முடிந்து மேசைகளை ஒழுங்கு செய்துகொண்டிருந்த வேளையில், நான்காம் படிவத்து மாணவி ஒருத்தி அப்படங்களைச் சுட்டி, "ஐயா, இவர்களுள் தமிழில் எழுதியவர் யார்?" என்று கேட்டாள்.

"ஒருவரும் இல்லையம்மா" என்றேன்.

"அப்படியென்றால் தமிழில் யாருமே நன்றாக எழுதவில்லையா, ஐயா?"

அம்மாணவியின் பாட்டனார் செம்பனை வருமுன் பால்மரம் வெட்டியவர். நானும் அதே தோட்டத்து லயத்திற் பிறந்தவன்தான். முப்பதாண்டுக்கு மேல் வகுப்பறையில் நின்றவனுக்கு அக்கேள்விக்கு ஒரே மூச்சில் விடை சொல்ல இயலவில்லை. நேரமாகிவிட்டது என்று சொல்லி நழுவி வந்தேன் என்பதே உண்மை. அன்று சொல்லாமல் விட்ட விடையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அச்சுவரில் உள்ளவர்மீது எனக்கு எள்ளளவும் மனக்குறை இல்லை. ஷானோன் அகமட் 1966-இல் எழுதிய 'ரஞ்சாவ் செப்பாஞ்சாங் ஜாலான்' நாவலில், கெடா மாநிலத்து நெல்வயலிற் காலில் முள் தைத்து, அப்புண் பெருகிச் சாகின்ற உழவன் லாகுமாவைப் படித்துக் கண் கலங்கியவன் நான். என் மாணவரையும் படிக்கச் சொன்னவன். ஏ. சமாட் சைட் எழுதிய 'சலினா'வும் அத்தகையதே. உஸ்மான் அவாங்கின் மனம் எல்லா இனத்தார்க்கும் இடந்தந்த மனம். இவர்களைப் போற்றாத நாடு நன்றி கொன்ற நாடாகும். போற்றியது நன்று. போற்றிய முறையிலும் குறை கிடையாது: பண முடிப்பு, அரசுச் செலவில் நூற்பதிப்பு, அந்நூல்களைப் பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் கொண்டு சேர்த்தல், அரசு மருத்துவமனையிற் கட்டணமில்லா மருத்துவம். ஓர் எழுத்தாளன் முதுமையில் மானத்தோடு வாழ்வதற்கு இவை போதும்.

ஆயின் 1981 தொடங்கி இன்றுவரை பதினைந்துக்குக் குறையாத எழுத்தாளர் பெற்ற இவ்விருதை, மலாய்மொழி தவிர வேறு மொழியில் எழுதிய ஒருவர்கூடப் பெற்றதில்லை. தமிழர் மட்டுமே விலக்கப்பட்டனர் என்று எவரும் எண்ணிவிட வேண்டா. சீனத்தில் எழுதுவோரும் வெளியேதான் நிற்கின்றனர். ஆங்கிலத்தில் எழுதுவோர் நிலையும் அதுவே. கெடா மாநிலம் பீடோங்கிற் பிறந்த தமிழரான கே. எஸ். மணியம், தம் மக்களின் வாழ்வை ஆங்கிலத்தில் 'தி ரிட்டர்ன்' என்னும் நாவலாக்கி வெளியிட்டது, இவ்விருது தோன்றிய அதே 1981-இல். 2000-ஆம் ஆண்டு இந்தியா அவருக்கு ராஜாராவ் விருதளித்தது. தாம் பிறந்த நாட்டின் உச்ச விருதைப் பெறாமலே அவர் 2020-இல் மறைந்தார்.

இஃது எங்ஙனம் நேர்ந்தது? 1971 ஆகஸ்டு மாதம் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தேசியப் பண்பாட்டுப் பேரவை கூடிற்று. நாட்டுப் பண்பாடு இவ்வட்டாரத்து மண்ணின் மக்களுடைய பண்பாட்டை அடிப்படையாகக் கொள்ளும். பிற பண்பாடுகளின் பொருத்தமான கூறுகள் ஏற்கப்படலாம். இசுலாம் ஒரு முகாமையான கூறாகும் என்று அங்கே மூன்று கொள்கைகள் வகுக்கப்பட்டன. அக்காலத்தையொட்டி இலக்கிய அறிஞர் சிலர் இலக்கியத்தையும் கூறு போட்டனர். தேசியமொழியில் எழுதப்படுவது தேசிய இலக்கியம். தமிழிலும் சீனத்திலும் எழுதப்படுவது 'சாஸ்தரா சுகுவான்', அதாவது குழு இலக்கியம். பத்தாண்டு கழித்து விருது பிறந்தபோது அக்கூற்றின் மடியிலேயே பிறந்தது. தாய் எப்படியோ பிள்ளையும் அப்படி.

குழு இலக்கியம் என்னும் அச்சொல்லைச் சற்றே எடைபோட்டுப் பார்க்க வேண்டும். ஈப்போவிலும் தாப்பாவிலும் சுங்கை சிப்புட்டிலும் பால்மரம் வெட்டிய மக்கள், தங்களுக்கென்று ஒரு தனித்தீவில் வெட்டவில்லை. அவர்கள் மங்கிற் சேர்த்த பால் இந்நாட்டின் பொருளாதாரத்தின் முதுகெலும்பாயிற்று. பால் நாட்டுக்குரியது, அதை வெட்டியவன் பாடியது மட்டும் குழுவுக்குரியதா? அவன் வாழ்வு நாட்டு வரலாறு என்றால், அவ்வாழ்வைச் சொன்ன கதை எவ்வாறு நாட்டு இலக்கியம் ஆகாமற் போகும்?

எதிர்வாதங்கள் பல உள. அவற்றுள் வலிமையானது அரசியலமைப்புச் சட்டத்தைக் காட்டுவது. 152-ஆம் விதி மலாய்மொழியைத் தேசியமொழி என்கிறது. ஆகவே தேசிய இலக்கியம் மலாய் இலக்கியமே என்பர். இவர்கள் விதியின் முதல் வரியைப் படித்துவிட்டு நூலை மூடி வைப்பவர்கள். அதே விதி தொடர்ந்து சொல்வதென்ன? அலுவல் நோக்கத்திற்கன்றிப் பிறமொழிகளைப் பயன்படுத்துவதையோ, கற்பதையோ, கற்பிப்பதையோ எவரும் தடுக்கவொண்ணாது என்கிறது. அதனினும் ஒருபடி மேலே சென்று, நாட்டிலுள்ள பிற சமூகத்தாரின் மொழி வழங்கவும் பயிலப்படவும் வேண்டி அதனைப் பேணிக் காக்கும் உரிமை கூட்டரசுக்கும் மாநில அரசுகளுக்கும் உண்டு என்கிறது. கதை எழுதுவது அலுவற் கடிதம் எழுதுவதாகாது. தமிழ்க்கதைக்கு அரசு விருதளித்தால் சட்டம் மீறப்படாது. சட்டம் தந்த உரிமை பயன்படுத்தப்படும்.

மற்றொரு வாதம், இவ்விருது தேசியமொழியை வளர்ப்பதற்கென்றே ஏற்படுத்தப்பட்டது என்பது. மிக நன்று. தேசியமொழி வளரவேண்டும் என்பதில் நமக்கும் உடன்பாடே. நம் பிள்ளைகள் அம்மொழியிற் பேசுகின்றனர், தேர்வெழுதுகின்றனர், கதையும் எழுதுகின்றனர். இதே பேராக்கில் தைப்பிங் அருகே பிறந்த உதயசங்கர் எஸ்.பி. மலாய்மொழிச் சிறுகதைக்குப் பெயர் பெற்றவர். ஆனால் ஒருமொழியை வளர்ப்பதற்கான விருதெனில் அதற்கு 'மலாய் இலக்கியச் சான்றோர் விருது' என்று பெயரிடுக. நாம் எழுந்துநின்று கைதட்டுவோம். 'நாட்டின் இலக்கியச் சான்றோர்' என்று பெயர் வைத்துவிட்டு, நாட்டின் ஒருமொழிக்கு மட்டும் வாயில் திறப்பதுதான் பொருந்தவில்லை. பெயரைச் சுருக்குங்கள், அல்லது வாயிலை அகலமாக்குங்கள். இரண்டில் எதைச் செய்தாலும் நேர்மையாயிருக்கும்.

நடுவர்க்குத் தமிழ் தெரியாதே என்பார் உளர். இதனை வாதமென்று கொள்வதற்கே எனக்கு நாணமாயிருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை 1956-ஆம் ஆண்டு முதல் இருக்கிறது. 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் முழக்கத்தோடு கோ. சாரங்கபாணி நிதி திரட்டிய நாளில், தோட்டத் தொழிலாளர் தம் கூலியிலிருந்து வெள்ளி வெள்ளியாகக் கொடுத்து வளர்த்த தமிழ்க்கல்வி அங்கே உண்டு. 1966-இல் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரிலேதான் நடந்தது. தமிழ் கற்ற பேராசிரியர்க்கு இந்நாட்டிற் பஞ்சமில்லை. மேலும், மொழிபெயர்ப்பு என்று ஒன்று உண்டல்லவா? 1913-இல் தாகூருக்கு நோபெல் பரிசளித்த சுவீடன் நாட்டார் எல்லாரும் வங்கமொழி கற்றா அளித்தனர்? திருக்குறள் 1960-களிலேயே மலாய்மொழிக்கு வந்துவிட்டது. ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்ட வள்ளுவர் மலாய் பேசுகின்றார். நேற்று நம்மிடையே வாழ்ந்த நாவலாசிரியர் பேசவில்லை.

அண்டைநாடுகள் என்ன செய்கின்றன என்று பார்த்தால் நம் குறை இன்னும் விளங்கும்.

பிலிப்பைன்சை எடுத்துக்கொள்வோம். அந்நாடு 1972-இல் தேசியக் கலைஞர் என்னும் பட்டத்தை ஏற்படுத்தி, ஓவியர் பெர்னான்டோ அமோர்சோலோவுக்கு முதன்முதல் வழங்கியது. அந்நாட்டுக்கும் ஒரு தேசியமொழி உண்டு. அம்மொழியை வளர்ப்பதில் அவர்கள் நம்மினும் முனைப்புக் குறைந்தவரல்லர். இருந்தும் 1976-இல் அப்பட்டத்தைப் பெற்ற நிக் ஹோவாக்கின் ஆங்கிலத்தில் எழுதியவர். அதைவிட நம் கவனத்திற்குரியது 2018-ஆம் ஆண்டு நிகழ்ச்சி. அவ்வாண்டு இலக்கியத்திற்காகத் தேசியக் கலைஞர் பட்டம் பெற்றோருள் ரமோன் முசோனெஸ் ஒருவர். அவர் ஹிலிகாய்னோன் என்னும் வட்டாரமொழியில் நாவல் எழுதியவர். 1992-இலேயே மறைந்துவிட்டவர். தலைநகரத்தார்க்கு எளிதில் விளங்காத மொழியில் எழுதி, இறந்து கால்நூற்றாண்டு ஆன ஒருவரைத் தேடிச்சென்று ஒரு நாடு மாலையிட்டது. மாலை பெற்றதால் ஹிலிகாய்னோன் தேசியமொழி ஆகிவிடவில்லை. தேசியமொழியின் ஓரிழை நூலும் அறுந்துவிடவில்லை.

அவர்கள் அத்துடனும் நிற்கவில்லை. மரபுக் கலைஞர்க்கென்று 1992-இல் தனிச்சட்டம் இயற்றி, மக்கட் படைப்பாளர் என்னும் பொருள்பட ஒரு விருதை நிறுவினர். 1993-இல் அதைப் பெற்றவருள் கினாவ் பிலோக் ஒருவர். மின்டோரோ தீவில் ஹனுனோ மங்கியான் என்னும் மலைவாழ் குடியிற் பிறந்தவர். 'அம்பாஹான்' என்னும் அக்குடியின் மரபுக்கவிதையை மூங்கிலில் தொல்லெழுத்தாற் கீறிக் காத்துவந்தவர். 1998-இல் அவ்விருது லாங் டுலாய் என்னும் திபோலி இனத்து நெசவு மூதாட்டிக்குச் சென்றது. மூங்கிலிற் கீறிய கவிதையையும் தறியில் நெய்த துணியையும் நாட்டின் செல்வம் என்று கண்டுகொள்ள அவர்கட்குக் கண் இருந்திருக்கிறது.

பிலிப்பைன்சைப் பொன்னுலகமாக்கிக் காட்டுவது என் நோக்கமன்று. 2009-இல் அந்நாட்டு அதிபர், நடுவர் குழு பரிந்துரைக்காத நால்வரைத் தம் விருப்பம்போல் தேசியக் கலைஞராக்கினார். கலைஞர்கள் தெருவில் இறங்கினர், வழக்குத் தொடுத்தனர். 2013-இல் உச்ச நீதிமன்றம் அந்நால்வர் பட்டத்தையும் செல்லாதென்று தள்ளிற்று. அரசியல் புகாத விருது உலகில் ஏது? ஆயினும் அங்கே எழுந்த சண்டை தகுதியைப் பற்றியது. நம் நாட்டில் தகுதியைப் பற்றிப் பேசுகின்ற இடத்திற்கே நாம் இன்னும் வந்து சேரவில்லை. மொழி என்னும் முதற்படியிலேயே நிறுத்தப்பட்டு நிற்கிறோம்.

மலைவாழ் குடி என்றதும் எனக்குத் தாப்பாவின் நினைவே வருகிறது. கேமரன் மலைக்கு ஏறுகின்ற நெடுஞ்சாலை எங்கள் பட்டணத்திலிருந்துதான் புறப்படுகிறது. அச்சாலையின் இருமருங்கிலும் செமாய் மக்கள் வாழ்கின்றனர். அவர்களுக்கும் மொழி உண்டு, கதை உண்டு, பாட்டு உண்டு. அவர்களைவிட இம்மண்ணுக்கு மூத்தவர் யார்? அவர்கள் மொழியிற் பாடுவோரும் இவ்விருதுக்கு உரியரல்லர். மண்ணின் மொழிக்கே முதலிடம் என்போர் இதற்கு விடை சொல்லட்டும்.

தொலைவு போக வேண்டா. பாலத்தைக் கடந்தாற் போதும். சிங்கப்பூர் 1979-இல் கலாசாரப் பதக்கத்தை நிறுவியது. அந்நாட்டின் தேசியமொழியும் மலாய்தான்! வானொலி நாடகங்களால் அடுக்குமாடி வீட்டுத் தமிழரை நகைக்கவும் நினைக்கவும் வைத்த பி. கிருஷ்ணன் 2008-இலும், கவிஞர் க. து. மு. இக்பால் 2014-இலும் அப்பதக்கம் பெற்றனர். தாய்லாந்து வழங்கும் தென்கிழக்காசிய எழுத்தாளர் விருது 1979 முதல் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் ஒருங்கே கிடைத்து வருகிறது. சிங்கப்பூர் தன் சார்பில் 1982-இல் தமிழ் எழுத்தாளர் மா. இளங்கண்ணனை அனுப்பியது. மலேசியா ஒரு தமிழ்மொழி எழுத்தாளரையும் அனுப்பவில்லை. ஒரே விருது, ஒரே மேடை. ஒருநாட்டுத் தமிழன் ஏறினான், மறுநாட்டுத் தமிழன் கீழிருந்து பார்த்தான். இந்தியாவும் இலங்கையும் பன்மொழிக்கும் தத்தம் அரசு விருதுகளை வழங்குவதை ஈண்டு விரித்தல் மிகை.

இனி, இவ்விலக்கால் யாருக்கு இழப்பு? தமிழ் எழுத்தாளனுக்கு மட்டும் என்று எண்ணுவது சிறுமை. நாட்டுக்கே இழப்பு என்பது என் துணிபு. சான்றாக ஒன்றை மட்டும் சற்று விரித்துரைக்கிறேன்.

1942, 1943 ஆண்டுகளில் சப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்குமிடையே நானூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட இருப்புப்பாதை அமைத்தனர். அதற்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் கூட்டங்கூட்டமாகக் கொண்டுசெல்லப்பட்டனர். எங்கள் லயத்திலும் போனவர் உண்டு. திரும்பாதவர் வீட்டில் திதி எந்த நாளிற் கொடுப்பது என்று தெரியாமல், ஆடி அமாவாசையிற் படைப்பார்கள். சிறுவனாய் அதைப் பார்த்திருக்கிறேன். வெள்ளைக்காரப் போர்க்கைதிகள் அங்கே பட்டபாடு உலகறிந்தது. 'குவாய் நதிப் பாலம்' என்று திரைப்படமாகவும் வந்தது. அவர்களினும் மிகுதியாக மடிந்த ஆசியத் தொழிலாளருக்கோ முறையான கல்லறையும் இல்லை, பெயர்ப்பட்டியலும் இல்லை. அவர்களுக்குக் கல்லறை எழுப்பியவை இரண்டு தமிழ் நாவல்கள். ஆர். சண்முகம் எழுதிய 'சயாம் மரண ரயில்' 1993-இல் வந்தது. அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' 2005-இல் வந்தது. பெயரே சொல்கிறது, அந்நூல் எதற்காக எழுதப்பட்டதென்று.

இவ்வரலாறு குழு வரலாறா? மலாயாவிலிருந்து அப்பாதைக்குச் சென்றவருள் மலாய்க்காரரும் சீனரும் இருந்தனர். இம்மண்ணின் மக்கள் ஒருங்கே பட்ட துயரம் அது. அதனை நாவலாக்கிய நம் எழுத்தாளரை நாட்டின் மற்றச் சமூகத்து மாணவர் அறியார். 'லாகுமா'வுக்காக நம் பிள்ளை அழுகிறான். சயாமிற் செத்த நம் முனியனுக்காக அழ, பக்கத்து இருக்கை அகமதுவுக்கு வாய்ப்பே தரப்படவில்லை. வாய்ப்புத் தந்தால் அவனும் அழுவான். அதில் எனக்கு ஐயமே இல்லை.

இந்த இடத்தில் 'இன்டர்லோக்' செய்தியை நினைவூட்டல் தகும். பின்னாளிற் சாஸ்தராவான் நெகாரா ஆன அப்துல்லா உசேன் எழுதிய அந்நாவல் 1971-இல் நூலாயிற்று. மூன்றினத்து மக்களும் அதில் வருகின்றனர். மணியம் என்னும் தமிழன் வருகிறான். 2011-இல் அது ஐந்தாம் படிவத்துப் பாடநூலானபோது, தமிழரைச் சாதிப்பெயராற் சுட்டும் சொல் அதில் உள்ளதென்று நம்மவர் கொதித்தெழுந்தனர். முடிவில் நூல் விலக்கப்பட்டது. எதிர்த்தது முறையே. அன்று நானும் எதிர்த்தேன். ஆனால் அன்று எவரும் கேளாத ஒரு கேள்வி இருந்தது. தமிழன் வாழ்வைத் தேசிய இலக்கியத்திற் காட்ட ஒரு மலாய் எழுத்தாளர் கைதான் கிடைத்ததா? தமிழன் கைப்பட எழுதிய தோட்டத்து நாவல், மலாய்மொழியில் பெயர்க்கப்பட்டு அவ்வகுப்பறையில் ஏன் இல்லை? அதற்காகவும் நாம் ஊர்வலம் போயிருக்க வேண்டும்.

தாய்த்தமிழகத்திலும் இதே கதைதான் என்பதை வருத்தத்தோடு குறிக்கிறேன். அங்குள்ள வாசகர் பலர்க்கு மலேசியத் தோட்டம் என்றதும் நினைவுக்கு வருவது அகிலனின் 'பால்மரக் காட்டினிலே'. அகிலன் பெரியவர்; 1975-ஆம் ஆண்டுக்குரிய ஞானபீடம் பெற்றவர். எனினும் விருந்தினராய் வந்து கண்டெழுதினார். இங்கேயே பிறந்து, பெரட்டுக் களத்திற் பெயர் கூப்பிடப்பட்டு வளர்ந்தவரின் எழுத்து வேறு. காலம் சிறிது மாறி வருகிறது. கெடா மாநிலத்துச் சீ. முத்துசாமிக்கு 2017-இல் தமிழகத்து விஷ்ணுபுரம் வாசகர் வட்டம் தன் விருதை அளித்தது. 'மண்புழுக்கள்' நாவலைக் கடல்கடந்த வாசகர் தேடிப் படிக்கின்றனர். ஈப்போவில் அதனைக் கேட்டால் எத்தனை தமிழாசிரியர் படித்ததாகச் சொல்வர்?

இங்கேதான் நம்மை நோக்கியும் சில சொற்கள் சொல்ல வேண்டியிருக்கிறது. கசக்கும், கசந்தாலும் சொல்லியாக வேண்டும்.

அரசு மதிக்கவில்லை என்று புலம்பும் நாம், நம்மை எவ்வாறு மதித்துக்கொள்கிறோம்? நம் நூல் வெளியீட்டு விழாவை எண்ணிப் பாருங்கள். வாழ்த்துரை எட்டுப் பேர். ஆய்வுரை ஒருவர், அவருக்குப் பத்து நிமிடம், அதுவும் பசிவேளையில். முதல்நூலைப் பெற்றுக்கொள்ளும் பிரமுகர் உறையை நீட்டுவார், படத்துக்கு நிற்பார், அடுத்த நிகழ்ச்சிக்குப் புறப்படுவார். நூல் அவர் வண்டியின் பின்னிருக்கையிற் கிடக்கும். பொன்னாடை போர்த்தாத தோளே மண்டபத்தில் இராது. கவிப்பேரரசுகளும் இலக்கியச் செம்மல்களும் நம்மிடை மலிந்துவிட்டனர். எல்லாரையும் செம்மல் என்ற பிறகு உண்மைச் செம்மலை எப்படி அடையாளங்காட்டுவது? அரசின் நடுவர் குழுவொன்று நாளையே நம்மிடம் வந்து, "உங்கள் சிறந்த எழுத்தாளர் மூவர் யார்?" என்று வினவினால், நாம் முப்பது பெயர்களைக் கொடுத்து, அம்முப்பதின் வரிசை பற்றி ஓராண்டு சண்டையிடுவோம்.

திறனாய்வு நம்மிடம் வளரவில்லை. ஒரு கதையிற் குறை சொன்னால் பகை. சொன்னவன் கல்யாண வீட்டிலும் முகங்கொடுத்துப் பேசப்படான். இளமையில் ஒரு நாவலைப் பற்றி உள்ளதை எழுதிவிட்டு, அந்நூலாசிரியர் வாழும் ஊர்ப்பக்கம் இரண்டாண்டு போகாமல் இருந்தவன் நான். (அவர் இன்று இல்லை. நாவலில் நான் சொன்ன குறையும் இன்றுவரை நீங்கவில்லை.)

முயன்றோர் இல்லாமல் இல்லை. முரசு நெடுமாறன் தனியொருவராய் நூறாண்டுக் கவிதைகளைத் தேடித் தொகுத்து 'மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சிய'த்தை 1997-இல் தந்தார். சை. பீர்முகம்மது 'வேரும் வாழ்வும்' என்னும் பெயரில் இந்நாட்டுச் சிறுகதைகளைத் தொகுதி தொகுதியாகக் கொண்டுவந்தார். துன் சம்பந்தன் முயற்சியால் 1960-இல் தொழிலாளர் சேமிப்பிற் பிறந்த தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், இலக்கியப் போட்டிகளுக்கும் நூற்பரிசுக்கும் பொருளுதவி செய்துவருகிறது. பால்மரம் வெட்டிய காசு இலக்கியத்துக்குப் பயன்படுவதைக் காணும்போது நெஞ்சு நிறைகிறது. எனினும் ஒரு பல்கலைக்கழகமோ அரசு நிறுவனமோ செய்திருக்கவேண்டிய தொகுப்பு வேலையைத் தனிமனிதர் தம் உறக்கத்தைக் கெடுத்துச் செய்யவேண்டியிருந்தது என்பதும் உண்மை.

யார் தகுதியுடையோர் என்று கேட்பீராயின், பெயர் சொல்ல நான் அஞ்சவில்லை. அரை நூற்றாண்டுக்கு மேல் எழுதி, சயாம் பாதையையும் இந்திய தேசிய இராணுவத்தையும் லங்காட் ஆற்றங்கரையையும் நாவலாக்கிய அ. ரெங்கசாமி என் பட்டியலில் முதல்வர். 'இமயத் தியாக'த்தில் நடைதளரும் இடங்கள் உண்டு. வரலாற்றாசிரியர் நாவலாசிரியரை முந்திக்கொண்டு பேசுவார். அக்குறையோடும் அவர் முதல்வரே. அடுத்து, 2016-இல் மறைந்த ரெ. கார்த்திகேசு, நகரத்துத் தமிழர் வாழ்வையும் நோயையும் முதுமையையும் நிதானமான நடையில் எழுதியவர். முசோனெசுக்கு இறந்தபின் கொடுத்தது போல் இவருக்கும் கொடுக்கலாம். மூன்றாவது சீ. முத்துசாமி. தோட்டத்துப் பேச்சை அதன் வசையோடும் வாசத்தோடும் நாவலில் ஏற்றியவர். பள்ளிக்கூடத் தமிழுக்குப் பழகிய நம் காதுக்கு முதலிற் கரடுமுரடாயிருக்கும். இம்மூவரை ஒருவர் மறுக்கலாம். மறுத்து வேறு மூவரைச் சொல்லட்டும், காரணத்தையும் எழுதட்டும். அச்சண்டையை நான் விரும்பி வரவேற்கிறேன்.

சங்கத்தார்க்கு என் வேண்டுகோள் இது. தீர்மானங்கள் போதும். 'சாஸ்தராவான் நெகாரா' விருதை நாட்டில் வழங்கும் எல்லா மொழி எழுத்துக்கும் திறந்துவிடக் கோரும் விண்ணப்பம் ஒன்றைச் சீன எழுத்தாளரோடும் ஆங்கில எழுத்தாளரோடும் சரவாக், சபா எழுத்தாளரோடும் சேர்ந்து கொடுங்கள். நம்மோடு உடன்படும் மலாய் எழுத்தாளரும் இருப்பர். அவர்களையும் கையொப்பமிட அழையுங்கள். விண்ணப்பத்தோடு வெறுங்கையாய்ப் போகாதீர்கள். மூன்று நாவல்களை நல்ல மலாய்மொழியிற் பெயர்த்து, அச்சிட்டு, மேசைமேல் வைத்துவிட்டுப் பேசுங்கள். ஒருமுறை பொன்னாடைக்கும் விருந்துக்கும் ஆகின்ற செலவை மிச்சப்படுத்தினால் ஒரு நாவலின் மொழிபெயர்ப்புக்குக் கூலி தேறும்.

ஆசிரியர்களே, உங்கள் பங்கு இன்னும் எளிது. நாட்டில் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள. ஒவ்வொரு பள்ளி நூலகத்திலும் மலேசியத் தமிழ் எழுத்தாளர் நூல் பத்தாவது இருக்கட்டும். 1917-இல் வந்த 'கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி' முதல் இந்நாட்டுத் தமிழ் நாவலுக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டென்பதை உயர்வகுப்பு மாணவர்க்கேனும் சொல்லுங்கள். சுவரில் அரசு மாட்டிய படங்கள் இருக்கட்டும், கழற்ற வேண்டா. எதிர்ச்சுவர் காலியாகத்தான் இருக்கிறது.

அம்மாணவியைப் பின்னொரு நாள் தாப்பாச் சந்தையில் தாயோடு கண்டேன். கையோடு கொண்டுபோயிருந்த 'நினைவுச் சின்ன'த்தைக் கொடுத்தேன். அட்டை கிழிந்த பிரதி. நானே நூலாசிரியரிடம் காசு கொடுத்து வாங்கியது. இரண்டு மாதமாகிறது, இன்னும் திரும்பி வரவில்லை. பாட்டனார் படிக்கிறாராம்.